பெயர் பெறாத காய்ச்சல்

திருப்பூரின் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்து தைக்கும் ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். மழை விட்ட ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அவருக்குக் கடுங்காய்ச்சல் காண்கிறது. கண்ணின் பின்புறம் வலிக்கிறது. எலும்பெல்லாம் முறிவதுபோல் உடல் நோகிறது. தெருமுனை மருத்துவரிடம் சென்று ஓர் ஊசி போட்டுக்கொள்கிறார். நான்காம் நாள் உடல் குளிர்கிறது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஷிப்டுக்குத் திரும்புகிறார். என்ன காய்ச்சல் என்று கேட்டால், ‘சும்மா காய்ச்சல்தான்’ என்பார். மருத்துவர் தந்த சீட்டிலும் ‘காய்ச்சல்’ என்னும் ஒரு சொல்லே காணப்படும்.

நோய் தீர்ந்தால் போதாதா, பெயர் எதற்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் கொசுவால் பரவும் வைரஸ் காய்ச்சல்களின் வரலாற்றைப் பார்க்கும்போது, பெயர் மாறிப்போனதாலும் பெயரே எழுதப்படாததாலும் மனிதகுலம் அடைந்த இழப்பு சிறிதன்று என்பதை அறிகிறோம். அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நமது தமிழகத்திலேயே, வேலூரிலும் சென்னையிலும் எழுதப்பட்டது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

இரு நோய்களைப் பிரித்தறிதல்

ஒன்றுபோல் தோன்றும் இரு நோய்களைப் பிரித்தறிவது மருத்துவத்தின் தலையாய பணிகளுள் ஒன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸி அவர்கள் பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றித் தனி நூல் எழுதினார்கள். தோல் தடிப்பும் காய்ச்சலும் இரண்டிலும் உண்டு. எனினும் முதுகுவலி பெரியம்மையில் மிகுதி, குமட்டலும் மனப்பதற்றமும் தட்டம்மையில் மிகுதி என்று நோயாளியின் அருகிலிருந்து கண்டதை அவர்கள் குறித்து வைத்தார்கள். அந்நூல் பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. நோயாளியை உற்றுநோக்கு, வேறுபாட்டைக் குறித்துவை என்னும் அந்த நெறியே இன்றைய நோயறிதலுக்கும் அடிப்படை.

கொசுக் காய்ச்சல்களில் இத்தகைய பிரிவினை ஏற்பட மேலும் ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஹிஜ்ரி 1193, அதாவது கி.பி. 1779இல் எகிப்தின் கெய்ரோ நகரில் ஒரு காய்ச்சல் பரவியது. வரலாற்றாசிரியர் அப்துர் ரஹ்மான் அல்ஜபர்த்தி அதனைத் தமது நூலில் பதிந்துள்ளார். சில நாட்களே நீடித்த அக்காய்ச்சல் மூட்டுகளையும் முழங்கால்களையும் பிடித்து முடக்கியது. காய்ச்சல் நீங்கிய பின்னும் வலி நெடுநாள் நின்றது. மக்கள் அதற்கு ‘அபுர் ருகப்’ என்று பெயரிட்டனர். முழங்கால்களின் தந்தை என்பது அதன் பொருள். அதே ஆண்டில் ஜாவாத் தீவின் பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், டேவிட் பைலன் என்னும் மருத்துவர் மூட்டுகளைப் பற்றும் காய்ச்சல் ஒன்றை விவரித்தார். மறு ஆண்டு 1780இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் ரஷ் என்னும் மருத்துவர், மக்கள் ‘எலும்பு முறிக்கும் காய்ச்சல்’ என்று அழைத்த நோயை எழுதிவைத்தார். பிற்கால நூல்கள் இம்மூன்றையும் சேர்த்து ‘டெங்கு’ என்னும் ஒரே பெயரில் அடக்கிவிட்டன.

டெங்கு என்னும் சொல்லே கடல் கடந்து வந்த சொல்லாகக் கருதப்படுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபாரில் 1823இலும் 1870இலும் பரவிய காய்ச்சலை சுவாஹிலி மொழியில் ‘கிடிங்கா பெப்போ’ என்றனர். தீய ஆவியால் திடீரென உண்டாகும் இழுப்பு என்று அதற்குப் பொருள் கூறுவர். 1870ஆம் ஆண்டுக் காய்ச்சல் சான்சிபாரிலிருந்து ஏடனுக்கும், ஏடனிலிருந்து 1871, 72ஆம் ஆண்டுகளில் பம்பாய் முதலான இந்தியத் துறைமுகங்களுக்கும் வந்தது. சான்சிபாரில் பணியாற்றிய ஜேம்ஸ் கிறிஸ்டி என்னும் மருத்துவர் இப்பயணத்தை விரிவாக எழுதியுள்ளார். கப்பலில் மனிதரோடு கொசுவும் பயணம் செய்தது. ஏடிஸ் ஏஜிப்டி என்னும் வரிக்கொசு தெளிந்த நன்னீரில் பெருகுவது. பாய்மரக் கப்பல்களின் குடிநீர்ப் பீப்பாய்கள் அதற்கு ஏற்ற இருப்பிடமாயின. அந்தப் பீப்பாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். திருப்பூரில் அதனை மீண்டும் சந்திப்போம்.

வேலூரும் சென்னையும்

1952, 53ஆம் ஆண்டுகளில் அன்றைய தாங்கனிக்காவின் மக்கொண்டே மேட்டுநிலத்தில் மூட்டுகளை முடக்கும் காய்ச்சல் ஒன்று பரவியது. அங்குள்ளோர் அதனை உடலை வளைத்துவிடுவது என்னும் பொருளில் ‘சிக்குன்குனியா’ என்றனர். மருத்துவர் மரியன் ராபின்சன் நோயின் அடையாளங்களை எழுதினார். ஆர்.டபிள்யூ. ராஸ் அதன் வைரஸைப் பிரித்தெடுத்தார். அது டெங்கு வைரஸ் அன்று என்பது தெளிவாயிற்று. டெங்கு வைரஸ் அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல் ஜப்பானியராலும், அடுத்து கல்கத்தாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தத்திலிருந்து ஆல்பர்ட் சேபினாலும் கண்டறியப்பட்டிருந்தது.

ஆப்பிரிக்காவின் அந்நோய் 1963இல் கல்கத்தாவில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு 1964இல் சென்னை, வேலூர், பாண்டிச்சேரி ஆகிய ஊர்களில் வீட்டுக்கு வீடு மக்கள் படுத்தனர். முதலில் அது டெங்கு போன்ற காய்ச்சல் என்றே குறிக்கப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆர்.எம். மையர்ஸ், டொனால்ட் கேரி முதலானோர் நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் வைரஸைப் பிரித்தனர். அது சிக்குன்குனியா என்று அறியப்பட்டது. சென்னையில் மருத்துவர் கே.வி. திருவேங்கடமும் அவருடன் பணியாற்றியோரும் படுக்கையருகே கண்ட அடையாளங்களை ஆராய்ந்து 1965இல் வெளியிட்டனர்.

இதே வேலூரில்தான் 1960களில் டெங்குவின் நான்கு வகை வைரஸ்களும் கண்டறியப்பட்டன. 1967இல் மையர்ஸும் கேரியும் இன்னொரு வியப்பை உலகுக்கு அறிவித்தனர். ஒரே நோயாளியின் உடலில் டெங்குவும் சிக்குன்குனியாவும் சேர்ந்திருந்தன. ஒரே கொசு இனத்தால் ஒரே ஊரில் பரவும் இரு நோய்கள் ஒருவரையே ஒருசேரப் பற்றக்கூடும் என்பதற்கு அது சான்றாயிற்று.

வேலூரில் கண்டதைக் கொண்டு கேரி பழைய ஏடுகளைத் திரும்பப் படித்தார். 1971இல் அவர் எழுதிய ஆய்வுரை, டெங்குவும் சிக்குன்குனியாவும் நெடுங்காலமாக ஆள்மாறாட்டம் செய்யப்பட்டு வந்தன என்று வாதிட்டது. பிலடெல்பியாவில் ரஷ் கண்டது டெங்குவாக இருக்கலாம். கெய்ரோவும் பத்தேவியாவும் கண்டது, நெடுநாள் நின்ற மூட்டுவலியைக் கொண்டு பார்த்தால், சிக்குன்குனியாவாகவே இருந்திருக்க வேண்டும். சான்சிபாரில் தோன்றிய டெங்கு என்னும் பெயர்கூட உண்மையில் சிக்குன்குனியாவுக்கு உரியது. ஒரு நோயின் பெயரை மற்றொரு நோய் நூறாண்டுகளுக்கு மேல் சுமந்து வந்தது என்பது அவர் கண்ட முடிவு. அல்ஜபர்த்தி முழங்காலைக் குறித்து வைத்திராவிட்டால் கெய்ரோவின் காய்ச்சல் எது என்று இன்று நம்மால் ஊகிக்கவும் முடியாது.

பெயருக்கு ஓர் எண்

மருத்துவர் சூட்டிய பெயரை நாடுகள் அனைத்தும் ஒரே முறையில் எண்ணிப் பார்க்க வேண்டுமானால் ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். இலண்டனில் வில்லியம் ஃபார் என்பார் 19ஆம் நூற்றாண்டில் இதற்கு வழிகோலினார். பாரிஸ் நகரின் ஜாக் பெர்த்தியோன் 1893இல் இறப்புக் காரணங்களின் பட்டியலை அளித்தார். 1900இல் பாரிஸில் கூடிய நாடுகள் அதனை ஏற்றன. 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் இப்பணியை மேற்கொண்டு வருகிறது. அன்று முதல் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. எண்ணைப் பார்த்தே அரசுகள் நோயைக் கணக்கிடுகின்றன.

இப்பட்டியலில் நமது இரு காய்ச்சல்களும் பெற்ற இடம் ஒன்றன்று. 1970களில் வகுக்கப்பட்ட ஒன்பதாம் திருத்தத்தில் டெங்குவுக்கு 061 என்னும் தனி எண் இருந்தது. சென்னையைப் படுக்கவைத்த சிக்குன்குனியாவோ, ‘கொசுவால் பரவும் பிற காய்ச்சல்கள்’ என்னும் பொது எண்ணில் பல நோய்களோடு ஒன்றாய் அடங்கியிருந்தது. 1990இல் ஏற்கப்பட்ட பத்தாம் திருத்தத்தில்தான் அதற்கு ஏ 92.0 என்னும் தனி எண் கிடைத்தது. டெங்கு அதில் ஏ 90 ஆகவும், இரத்தக்கசிவு டெங்கு ஏ 91 ஆகவும் இடம்பெற்றன. பின்னர் நோயின் கடுமையை அபாய அறிகுறிகளைக் கொண்டு பிரிக்கும் முறை 2009இல் வந்தது. அதற்கேற்ப உலகப் பதிப்பில் ஏ 97 சேர்க்கப்பட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தத்தில் அபாய அறிகுறியற்ற டெங்கு 1டி20, அறிகுறியுடையது 1டி21, கடுமையானது 1டி22.

இப்பட்டியலின் இன்னொரு மூலையில் ஆர் 50.9 என்றோர் எண் இருக்கிறது. ‘இன்னதெனக் குறிப்பிடப்படாத காய்ச்சல்’ என்பது அதன் பொருள். நாம் தொடக்கத்தில் கண்ட தொழிலாளியின் சீட்டு ஒரு பதிவாளரின் கைக்குச் சென்றால் அவர் இடக்கூடிய எண் அதுவே. எண் இடுபவர் நோயைக் கண்டுபிடிப்பவர் அல்லர். மருத்துவர் எழுதியதையே அவர் எண்ணாக மாற்ற முடியும். மருத்துவர் எழுதாத டெங்கு எந்தக் கணக்கிலும் ஏறாது.

கணக்கில் வராதவர்கள்

இதனால் விளைவதென்ன என்பதை 2006ஆம் ஆண்டு காட்டியது. 1973இல் மராட்டியத்தின் பார்சியில் காணப்பட்ட பின் ஏறத்தாழ 32 ஆண்டுகள் இந்நாட்டில் பேசப்படாதிருந்த சிக்குன்குனியா 2005இன் இறுதியில் திரும்பி வந்தது. 2006இல் இந்தியா முழுவதும் சுமார் 13.9 இலட்சம் பேர் அந்நோய் கண்டதாக ஐயுறப்பட்டனர். தமிழ்நாட்டில் 64 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பெயரின் ஓசையைக் கேட்டுக் கோழிக்கறியால் வரும் நோயென்று எண்ணி அதனை ஒதுக்கியோரும் நம் ஊர்களில் இருந்தனர். அந்த ஆண்டு அரசுக் கணக்கில் இந்நோயால் இறந்தோர் ஒருவரும் இல்லை.

ஆனால் அகமதாபாத் நகரின் இறப்புப் பதிவேட்டை ஆராய்ந்த திலீப் மாவலங்கர் குழுவினர் 2008இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. 2006 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை அந்நகரில் முந்தைய நான்கு ஆண்டுகளின் சராசரியைவிட 2,944 இறப்புகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அத்தனையும் இக்காய்ச்சலால் நேர்ந்தவை என்று ஆய்வாளர் அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும் காய்ச்சல் உச்சத்திலிருந்த மாதங்களும் இறப்புகள் பெருகிய மாதங்களும் ஒன்றாய் இருந்தன. அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர், எரியூட்டப்பட்டனர். பதிவேட்டில் அவர்களின் நோய்க்கு மட்டும் பெயரில்லை.

நமது மாநிலத்தில் 2012இல் டெங்கு கடுமையாகப் பரவியது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடையநல்லூரில், நம் சமுதாயத்தார் நெசவு செய்து வாழ்ந்த அவ்வூரில், பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் பல. அவ்வாண்டு தமிழ்நாட்டின் அரசுக் கணக்கு 12,826 நோயாளிகள், 66 இறப்புகள். 2017இல் அது 23,294 நோயாளிகள், 65 இறப்புகள். கோவை, திருப்பூர், சேலம் பகுதிகளும் அப்போது துன்புற்றன. நிலவேம்புக் குடிநீர் தெருத்தெருவாக வழங்கப்பட்டது. அந்நாட்களின் செய்தித்தாள்களில் இறப்புச் செய்திகளோடு ‘மர்மக் காய்ச்சல்’ என்னும் சொல் அடிக்கடி வந்தது. வேலூரும் சென்னையும் 1964இலேயே பெயர் கண்டறிந்த மண்ணில், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் காய்ச்சலை மர்மம் என்று எழுதினோம்.

பனியன் நகரின் தண்ணீர்

இனி திருப்பூருக்கு வருவோம். 1920களில் குலாம் காதர் சாகிபு கல்கத்தாவில் கண்ட பின்னல் இயந்திரத்தைக் கொணர்ந்து ‘பேபி நிட்டிங்’ என்னும் தொழிலகத்தைத் தொடங்கினார் என்பது அவ்வூர் வரலாற்றில் கூறப்படும் செய்தி. அந்த வித்து இன்று பெருமரமாகிவிட்டது. நிட்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் என்று பிரிந்து கிடக்கும் பணிகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா முதலான மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து காம்பவுண்டு வீடுகளில் குடியிருக்கின்றனர்.

வறண்ட நிலத்தில் வளர்ந்த நகரம் அது. நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அது முற்றியது. குழாய்த் தண்ணீர் நாள்தோறும் வராத தெருக்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீலப் பிளாஸ்டிக் டிரம் நிற்கும். பழைய கப்பல்களின் நன்னீர்ப் பீப்பாய் இதுவே. ஏடிஸ் கொசு டிரம்மின் உட்சுவரில் நீர்மட்டத்தையொட்டி முட்டையிடும். நீர் வற்றினாலும் அம்முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை டிரம்மை வெறுமையாக்கி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இறுக மூட வேண்டும் என்பதன் காரணம் இதுவே. இக்கொசு பகலில் கடிப்பது. ஆகவே இரவில் கட்டும் வலை மட்டும் போதாது, கம்பெனிக்குள்ளும் காவல் வேண்டும்.

இங்கே இரு காய்ச்சல்களின் வேறுபாடு கூலித் தொழிலாளிக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. சிக்குன்குனியா பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் மணிக்கட்டையும் விரல் மூட்டையும் மாதக்கணக்கில் பற்றிக்கொள்ளும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் விரல் மடங்கவில்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. டெங்குவின் இயல்பு வேறு. பலருக்குத் தானே தணியும். சிலருக்கு மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு, அமைதியின்மை ஆகியவை அதன் எச்சரிக்கைகள். நாம் முதலில் கண்ட தொழிலாளி ‘காய்ச்சல் விட்டது’ என்று ஷிப்டுக்குப் போன நாள் அந்த அபாய நாளே.

பெயர் தெரியாமல் மருந்துண்பதும் தீங்கு. மூட்டுவலி தீர ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவோர் உண்டு. வந்தது டெங்குவாயின் அவை இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். ஆதலின் டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை பாரசிட்டமால் மட்டுமே கொடுத்து, போதிய நீர் அருந்தச் செய்வதே மருத்துவர் கைக்கொள்ளும் நெறி.

பெயரை அறியும் வழி இன்று கடினமன்று. காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 என்னும் சோதனை டெங்கு வைரஸின் புரதத்தைக் காட்டும். ஐந்து நாட்களுக்குப் பின் ஐ.ஜி.எம். சோதனை உடலின் எதிர்ப்பொருளைக் காட்டும். இரத்தம் எடுத்த நாள் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று குறிக்கப்படாவிட்டால் முடிவைத் தவறாகப் பொருள்கொள்ள நேரும். உடனடிச் சோதனைப் பட்டையைவிட எலைசா முறையையே அரசு உறுதிச் சான்றாகக் கொள்கிறது. தட்டணு குறைந்ததைக் கொண்டு மட்டும் டெங்கு என்று முடிவுகட்டுவதும் தவறே, வேறு காய்ச்சல்களிலும் அது குறையும்.

பெயர் எழுதப்படுவதில் தொழிலாளியின் உரிமையும் அடங்கியுள்ளது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், தகுதியுள்ள தொழிலாளி மருத்துவச் சான்று காட்டினால் ஊதியத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள்வரை பெறலாம். வெறும் காய்ச்சல் என்ற சீட்டோடு இருப்பவர் மூன்று வாரம் மூட்டு முடங்கிக் கிடப்பதைப் பிறருக்கு எப்படி விளக்குவார்? பதிவில் இல்லாத பீஸ் ரேட் தொழிலாளிக்கோ இந்தப் பாதுகாப்பும் கிடையாது. அவர் வீட்டில் இறப்பு நேர்ந்தாலும் சான்றிதழில் ‘இதயம் நின்றது’ என்று எழுதி முடித்துவிடுவதுண்டு. இதயம் நிற்பது எல்லா இறப்புக்கும் பொது. அதனை நிறுத்திய நோய் எது என்பதையே சான்றிதழின் கீழ் வரிகள் கேட்கின்றன. அவ்வரிகள் வெறுமையாக இருந்தால் அந்தத் தெருவுக்கு மருந்து தெளிக்க வருபவர் இரார், அடுத்த வீட்டுப் பிள்ளையை எச்சரிப்பவரும் இரார்.

நாம் செய்யக்கூடியது பெரிதன்று. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் தொடங்கிய நாளை ஒரு தாளில் குறிப்போம். மருத்துவரிடம், ‘இது என்ன காய்ச்சல் என்று ஐயுறுகிறீர்கள், ஐயா? அதனைச் சீட்டில் எழுதுங்கள்’ என்று பணிவோடு கேட்போம். சோதனைத் தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருப்போம். காய்ச்சல் இறங்கிய பின் இரண்டு நாள் நோயாளியை வேலைக்கு விடாமல் பார்த்துக்கொள்வோம். பனியன் கம்பெனி நடத்தும் நம் சகோதரர்கள் அந்த இரண்டு நாளைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்காதிருப்பார்களாயின், அது பல மருந்துகளைவிடப் பயன் தரும்.

அல்ஜபர்த்தி மருத்துவர் அல்லர், வரலாறு எழுதியவர். தம் ஊராரின் முழங்கால் வலியை எழுதத் தக்க செய்தியாக மதித்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்துப் பழைய ஏடுகளைப் புரட்டிய ஒருவருக்கு அது விளக்காயிற்று. திருப்பூரின் காம்பவுண்டு வீட்டில் இன்று படுத்திருப்பவரின் காய்ச்சலும் அவ்வாறே எழுதப்படத் தக்கது.